வேர்க்காத உடம்புக்கும் ஒரு வெயில் திட்டம்

வெயில் காலம் வந்தால் நம் காதில் விழும் அறிவுரைகள் மனப்பாடமாகிவிட்டன. தண்ணீர் குடியுங்கள், நிழலில் நில்லுங்கள், உச்சிப்பொழுதில் வெளியே போகாதீர்கள். குடித்த தண்ணீர் வேர்வையாக வெளியேறும், வேர்வை காய்ந்து உடம்பு குளிரும் என்ற நம்பிக்கையில்தான் இவை எல்லாம் சொல்லப்படுகின்றன. வேர்க்கவே வேர்க்காத உடம்பை வைத்துக்கொண்டிருப்பவர் என்ன செய்வது? அப்படிப்பட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தங்களுக்கு வேர்ப்பதில்லை என்பதே தெரியாது.

தமிழ்நாடு அரசு 2024 இறுதியில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு. ஆனால் பேரிடர் என்று எப்போது அழைப்பது, யாரை முதலில் காப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இன்னும் சரியான பதில் இல்லை. தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் நின்று பார்த்தால் இந்த இரண்டும் ஒரே கேள்விதான் என்று புரிகிறது.

37 டிகிரி என்ற கோடு

இந்திய வானிலைத் துறையின் கணக்கில், கடலோர ஊர் ஒன்றில் வெப்பம் குறைந்தது 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வெப்ப அலை. திரேஸ்புரத்தில் கருவாடு காயவைக்கும் பெண்களுக்கும், கரையில் வள்ளத்துக்குப் பலகை அடிக்கும் ஆசாரிகளுக்கும் இந்தக் கோட்டோடு பெரிய உறவு கிடையாது. 34 டிகிரியிலேயே அவர்கள் வெந்து போகிறார்கள்.

காரணம், காற்றில் இருக்கும் ஈரம். 34 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்பு உணர்வது 47 டிகிரியை ஒட்டிய வெப்பம். மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது சட்டை நனைவதற்கு முன்பே வேர்வை காய்ந்துவிடும். உதடு வெடிக்கும், தாகம் கொல்லும். ஆனாலும் உடம்பு சமாளித்துவிடும். காற்று நின்று கடல் கண்ணாடியாகக் கிடக்கும் நாளில்தான் ஆபத்து. அன்றைக்கு வேர்வை ஊற்றும், ஆனால் காயாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். வேர்வை வருவதால் உடம்பு குளிர்வதில்லை. வேர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து கொண்டுபோகும். அதே ஒரு லிட்டர் முதுகில் வழிந்து மண்ணில் சொட்டினால் போகும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. உப்பும் தண்ணீரும் மட்டும் நட்டம். சுற்றியிருக்கும் காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது வெப்பத்தை வெளியேற்ற உடம்புக்கு இந்த ஒரு வழிதான் மிச்சம். வழி அடைபட்டால், கடினமாக உழைப்பவரின் உடல் வெப்பம் கால் மணி நேரத்துக்குள் ஒரு டிகிரி ஏறிவிடலாம்.

ஆகவே புழுக்கம் மிகுந்த நாளில் திரேஸ்புரத்தில் நிற்கும் எல்லோருமே பாதி வேர்க்காத மனிதர்கள்தான். முழுக்க வேர்க்காதவருக்கு அன்றைக்கு என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

காயலில் இறங்கிய குதிரைகள்

வேர்வை நின்றால் என்ன ஆகும் என்பதைக் குதிரை காட்டும். உடம்பு முழுக்க வேர்வை ஊற்றித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதில் மனிதனுக்கு நிகரான விலங்கு அது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும். எருமை சேற்றில் புரளும். குதிரை வேர்க்கும். ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேலும் வேர்வை சிந்தும். அந்த வேர்வை அதன் ரத்தத்தைவிட உப்பு மிகுந்தது. அதில் உள்ள ஒரு புரதம் நுரைத்து, அடர்ந்த ரோமத்தின் நுனிவரை ஈரத்தைக் கொண்டுபோகிறது. குதிரையின் கழுத்தில் சோப்பு நுரை போலத் தெரிவது அதுதான்.

திரேஸ்புரத்துக்குத் தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தருகே பழையகாயல் இருக்கிறது. இன்று கடல் விலகிப்போன அமைதியான ஊர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ், கிஷ், ஏடன் கப்பல்கள் வந்து குதிரைகளை இறக்கிய பாண்டிய நாட்டுப் பெருந்துறை அது. மார்கோ போலோ குறிப்பிடும் ‘காயில்’ இதுவே என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார்.

மார்கோ போலோ சொல்லும் கணக்கு திகைக்க வைக்கிறது. பாண்டிய மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார். அவருடைய சகோதரர்களும் அப்படியே. ஆண்டு முடிவில் உயிரோடு இருப்பவை நூறுகூடத் தேறாது. குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை, வியாபாரிகள் அத்தகையவரை இங்கே வரவிடுவதும் இல்லை, செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்பது அவர் தரும் விளக்கம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னொரு படம் தருகிறார். கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார். வந்து இறங்கிய குதிரைகளை நாற்பது நாள் முளையில் கட்டிப்போட்டு, வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு ஒரு பழக்கமும் இன்றி ஏறி விரட்டுவார்களாம். எத்தனை வலிய குதிரையும் சீக்கிரமே சோர்ந்து உதவாமல் போய்விடுமாம்.

சொந்தப் பண்டத்தை விற்பவர் நாட்டிலிருந்து வந்த சாட்சியம் இது. வாங்குபவன் முட்டாள் என்று சொல்வதில் அவர்களுக்குக் கொஞ்சம் இன்பமும் இருந்திருக்கும். தீனியும் பராமரிப்பும் காரணமாக இருக்கலாம். ஆனால் வறண்ட அரபு மண்ணில் பிறந்த விலங்கைக் காயலின் ஈரக்காற்றில் நாற்பது நாள் அசையாமல் கட்டிப்போட்டு, கொழுப்பேற்றி, திடீரென்று ஓடவிட்டால் என்ன ஆகும் என்று இன்றைய கால்நடை மருத்துவரைக் கேட்டால் அவர் வேறொன்றையும் சந்தேகிப்பார். வேர்வை நின்றுபோகும் நோய்.

இந்தச் சந்தேகம் என் ஊகம்தான். நோய் ஊகமல்ல. குளிர் நாடுகளிலிருந்து இந்தியா போன்ற வெப்பமண்டலக் குடியேற்றங்களுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்த பந்தயக் குதிரைகளிடமும் போலோ குதிரைகளிடமும்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது மருத்துவ ஏடுகளில் பதிவானது. குதிரைக்காரர்கள் ‘உலர்ந்த ரோமம்’ என்றார்கள். ஓடி வந்த குதிரையின் உடம்பு காய்ந்திருக்கும், மூக்குத்துளை விரிந்து நாய் போல இரைக்கும், காய்ச்சல் இறங்காது, நாளடைவில் முகத்து முடி கொட்டும். இன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், நம் கடற்கரை போலவே ஈரமும் வெப்பமும் கூடிய மண்ணில், நூற்றில் இரண்டு குதிரைகளுக்கு இது இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

குதிரையின் வேர்வைச் சுரப்பியை இயக்குவது அட்ரினலின். இரவும் பகலும் ஓயாத புழுக்கத்தில் அந்தத் தூண்டல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால், சுரப்பி ஒரு கட்டத்தில் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். உறுதியான மருந்து இல்லை. குளிர்ந்த ஊருக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிறது. அதாவது, பழுது உடம்பில் தெரிகிறது. தீர்வு ஊரை மாற்றுவதில் இருக்கிறது. மனிதர்களுக்கான திட்டத்திலும் இது நினைவிருக்க வேண்டும்.

சிந்து தந்த சாட்சி

பிறவியிலேயே வேர்க்காத மனிதர்களைப் பற்றிய புகழ்பெற்ற பழைய குறிப்பு ஒன்று நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. சார்லஸ் டார்வின், வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் மாறுபடுவதைப் பற்றிய தம் நூலின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில், சிந்துப் பகுதியின் ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றி எழுதினார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்கள். வாயில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு பற்கள், உடம்பில் மிகக் குறைந்த முடி, இளவயதிலேயே வழுக்கை, கோடை வந்தால் தோல் காய்ந்து பெரும் அவதி. பெண்களுக்கு இந்தக் குறை வரவில்லை. ஆனால் அவர்கள் வழியாகவே மகன்களுக்குப் போனது. மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்தில் எழுதப்பட்ட துல்லியமான குறிப்பு.

இன்று இதற்குக் காரணமான மரபணு எது என்று தெரியும், 1996இல் கண்டறிந்தார்கள். எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்று மருத்துவர் சீட்டில் எழுதும் நோய்க்கூட்டத்தில் முதன்மையானது இது. தோல், முடி, பல், வேர்வைச் சுரப்பி ஆகியவை கருவில் ஒரே மூலத்திலிருந்து உருவாகின்றன. அந்த இடத்தில் ஒரு கட்டளை தவறினால் எல்லாமே குறைகின்றன.

வீட்டில் இது எப்படித் தெரியும்? குழந்தைக்குக் கோடையில் அடிக்கடி காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பாராசிட்டமால் கொடுத்தால் இறங்குவதில்லை. ஈரத்துணி போர்த்தினால் இறங்குகிறது. கிருமியால் வந்த காய்ச்சல் இல்லையே, வெளியே போக வழியற்ற வெப்பம்தானே! பல் முளைக்கத் தாமதமாகும். முளைத்தாலும் கூராக, ஒன்றிரண்டாக. முடி மெல்லியதாக, வெளுத்து. கண்ணைச் சுற்றித் தோல் கறுத்து. அம்மை போட்டது, சூட்டு உடம்பு, செய்வினை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் பல் மருத்துவரிடம் போகும்போதுதான் பல குடும்பங்களுக்கு நோயின் பெயர் கிடைக்கிறது. இதற்குள் ஒரு சில கோடைகளைக் குழந்தை தாண்டியிருக்க வேண்டும். எல்லாக் குழந்தைகளும் தாண்டுவதில்லை.

ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கருவிலேயே நோய் கண்டறியப்பட்ட மூன்று ஆண் குழந்தைகளுக்கு, அவர்கள் உடம்பில் இல்லாத புரதத்தைத் தாயின் பனிக்குடத்தில் ஊசி மூலம் செலுத்தினார்கள். பிறந்த குழந்தைகளுக்கு வேர்த்தது. இது நம் அரசு மருத்துவமனைக்கு வர ஆண்டுகள் ஆகும். அதுவரை ஈரச்சட்டையும் நிழலும்தான் மருந்து. அதைக் கொடுக்கக் காசு வேண்டியதில்லை, அனுமதி வேண்டும்: ‘யூனிஃபார்மை நனைக்காதே’ என்று சொல்லாத ஓர் ஆசிரியர் வேண்டும்.

அரிய நோய் என்று ஒதுக்க முடியாது

பிறவி நோயர் சிலரே. வாழ்க்கையின் நடுவில் வேர்வையை இழந்தவர்கள் ஏராளம்.

முதலில் சர்க்கரை நோய். நீண்ட காலச் சர்க்கரை, வேர்வைச் சுரப்பிக்குப் போகும் மெல்லிய நரம்புகளைத் தின்றுவிடும். காலில் வேர்வை நிற்கும். பாதம் காய்ந்து வெடிக்கும். இழப்பை ஈடுகட்ட முகத்திலும் மார்பிலும் கொட்டும். சாப்பிட உட்கார்ந்தால் நெற்றியில் ஆறாக ஓடும். ‘எனக்குத்தான் நன்றாக வேர்க்கிறதே’ என்று அவர் நினைப்பார். உப்பளத்தில் வேலை செய்பவருக்கு இந்த வெடிப்பு இரட்டை ஆபத்து. பாத்தியின் உப்புநீர் வெடிப்பில் இறங்கும். உணர்ச்சி குறைந்த காலுக்கு எரிச்சல்கூடத் தெரியாமல் புண் ஆழமாகும்.

அடுத்து தொழுநோய். உணர்ச்சியற்ற தேமலில் வேர்ப்பதில்லை என்பது நோயைக் கண்டுபிடிக்க உதவும் பழைய அடையாளங்களில் ஒன்று. குணமான பிறகும் கை, கால்களில் இந்த வறட்சி நின்றுவிடுகிறது. வேலூர் அருகே கரிகிரியில் 1955 முதல் இயங்கும் தொழுநோய் மையம் போன்ற இடங்களில் தலைமுறைகளாகச் சொல்லிவரும் எளிய பழக்கம், தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுவது. சர்க்கரை நோயாளிக்கும் அது பொருந்தும்.

மூன்றாவது, மருந்துகள். இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஊமத்தங்காய் தின்றவனுக்கு என்ன ஆகும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும்: தோல் காய்ந்து சிவக்கும், உடம்பு கொதிக்கும், பிதற்றுவான். ஊமத்தையில் இருக்கும் பொருளின் வேலையையே மென்மையாகச் செய்யும் மாத்திரைகள் பல வீடுகளில் இருக்கின்றன. மனநல மருந்துகளோடு கை நடுக்கத்துக்காகத் தரப்படும் டிரைஹெக்ஸிபெனிடில், சிறுநீர் அடக்க முடியாமைக்கான சில மாத்திரைகள், அமிட்ரிப்டிலின், பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள். வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் டோபிராமேட், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வேர்வையைக் குறைக்கும். இவற்றை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வேறு ஆபத்து. ஆனால் மார்ச் மாதம் சீட்டு எழுதும்போதே ‘வெயிலில் கவனம்’ என்று மருத்துவர் ஒரு வரி சேர்க்கலாம்; மருந்தாளுநர் வாய்விட்டுச் சொல்லலாம்.

கடைசியாக, நாம் பவுடர் போட்டு மறந்துவிடும் வேர்க்குரு. வேர்வைக் குழாய் அடைபடுவதுதான் வேர்க்குரு. உடம்பில் பரவலாக, ஆழமாக வந்தால், குரு மறைந்த பிறகும் அந்த இடங்களில் வாரக்கணக்கில் வேர்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் பலர் இப்படித்தான் வெயிலில் நிற்க முடியாமல் சுருண்டார்கள். கட்டட வேலையிலோ துறைமுக வேலையிலோ இருப்பவர் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு வந்து ‘முடியவில்லை’ என்றால் மேஸ்திரி அதை நம்ப வேண்டும்.

செய்ய வேண்டியவை

கடலோர மாவட்டங்களுக்கு 37 டிகிரிக் கோடு போதாது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டை வானிலைத் துறை சோதனை முறையில் தந்துவருகிறது. மாவட்ட நிர்வாகம் அதைத் தமிழில், ‘இன்று உடம்பு உணரும் வெப்பம் இவ்வளவு’ என்று காலை ஏழு மணிக்குள் மீன் ஏலக்கூடத்திலும் உப்பளத்து வாசலிலும் எழுதிப் போட வேண்டும். வேலை நிறுத்தும் நேரம் அந்த எண்ணைப் பார்த்து முடிவாகட்டும். நிவாரணமும் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்கட்டும். இல்லையென்றால் 35 டிகிரி நாளில் வெந்து இறந்த கடலோரத் தொழிலாளியின் சாவு மாரடைப்பு என்றே பதிவாகும்.

உப்பளத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பு அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்று சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சிலரின் சிறுநீரகம் பழுதடைந்து வருவதையும். அளத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அறியாமை கிடையாது, கழிப்பறை இல்லாததுதான். ‘தண்ணீர் குடியுங்கள்’ என்று சுவரொட்டி அச்சிடும் பணத்தில் பாதியை எடுத்து அங்கே கழிப்பறை கட்டலாம்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையேட்டில் ஒரே ஒரு கேள்வி சேர்த்தால் போதும்: ‘வெயிலில் உங்களுக்கு வேர்க்கிறதா, எங்கே வேர்ப்பதில்லை?’ காலைத் தொட்டுப் பார்த்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும். அப்படிச் சேரும் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கட்டும். எச்சரிக்கை நாளில் முதல் தொலைபேசி அழைப்பு அவர்களுக்குப் போகட்டும்.

பிறவியிலேயே வேர்க்காத நோய், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இல்லை. சட்டம் திருந்தும்வரை பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். மருத்துவச் சான்று காட்டும் குழந்தைக்குத் தரைத்தள வகுப்பு, ஈரத்துண்டும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் வைத்துக்கொள்ள அனுமதி, வெயில் நேர விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு, பொதுத்தேர்வில் மின்விசிறிக்குக் கீழே இடம். மின்விசிறி மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வேர்க்காத உடம்பின் மேல் அடிக்கும் சூடான காற்று இன்னும் சூடேற்றும். சட்டை நனைந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்றுக்கு வேலை. பல் இல்லாத குழந்தைக்கு வளர வளரச் செயற்கைப் பல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவை முதலமைச்சர் காப்பீட்டில் தெளிவாகச் சேர்க்கலாம்.

தென்மாவட்டங்களில் குதிரைவண்டிப் பந்தயம் நடத்துவோருக்கும் ஒரு சொல். ஓடி வந்த குதிரையின் கழுத்தில் கை வையுங்கள். ஈரமில்லாமல் கொதித்தால் அன்றைக்கு அதற்கு ஓட்டம் முடிந்தது. தண்ணீரை ஊற்றி நிழலில் கட்டுங்கள். கால்நடைத் துறை பந்தய அனுமதியிலேயே இதை நிபந்தனையாக்கலாம்.

இன்னொன்று, திரேஸ்புரம் நாளைக்கே செய்யக்கூடியது. வெப்பத் தாக்கு வந்தவரின் தோல் காய்ந்திருக்கும் என்று புத்தகத்தில் படிக்கிறோம். உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வந்தால் தோல் நனைந்தும் இருக்கும். ஆகவே வேர்வை நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆள் குழறிப் பேசினாலோ, தடுமாறினாலோ, மயங்கினாலோ 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிர்விக்கத் தொடங்க வேண்டும். அதற்கு மிகச் சிறந்த வழி உடம்பைக் கழுத்துவரை குளிர்நீரில் அமிழ்த்துவது, தலையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு. பெரிய மருத்துவமனைகளில்கூட அவ்வளவு ஐஸ் சட்டென்று கிடைக்காது. மீன் இறங்கும் கரையில் அது மலையாகக் கிடக்கிறது. ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு தொட்டி, தண்ணீர்க் குழாய், மீனுக்கு உடைக்கும் ஐஸிலிருந்து இரண்டு கூடை, பழக்கப்பட்ட நான்கு இளைஞர்கள். மீன்வளத் துறையும் மாநகராட்சியும் சேர்ந்து ஏலக்கூடத்தின் ஓரத்தில் அந்தத் தொட்டியை வைக்க ஒரு வாரம் போதும்.